அம்பிகை மாமியின் மத்தியானச் சீஸ்

அன்று அம்பிகை மாமி தனக்காக வைத்தியரிடம் போகவில்லை. கணவருக்குத் துணையாகத்தான் போனார்.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம். தில்லையம்பலம் மாமாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. இத்தாலியின் பலெர்மோவில், வியா மக்வேதா வீதிக்குப் பின்புறம் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் வாசல் பார்க்கும் வேலை. பக்கத்துக் கட்டடத்து வாசல்காரர், மாமாவோடு தினமும் காலையில் கோப்பி குடிப்பவர், ஒரு செவ்வாய்க்கிழமை கதிரையிலிருந்து எழும்பும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் மாமாவைப் பயம் பிடித்துவிட்டது. மூன்று நாட்களாகத் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் என்னிடம் வந்தார்.

“தம்பி பிரசாந், நீ படிச்சனி. என்னை ஒருக்கா உந்தத் தொத்தொரேசாட்டைக் கூட்டிக்கொண்டு போ. என்ரை இத்தாலியன் வாசலுக்குப் போதும், நெஞ்சுக்குக் காணாது.”

தொத்தொரேசா என்றால் இங்கே பெண் வைத்தியர்.

நான் படித்தவன்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வன்னியில் பஸ் வராத ஒரு கிராமத்திலிருந்து வந்து, பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அந்த ஐந்து வருடமும் கபோச் சந்தைக்கு மேலே, மாமி வீட்டின் ஓர் அறையில் இருந்துதான் படித்தேன். மாமி எனக்கு இரத்த உறவில்லை. ஆனால் பட்டமளிப்பு நாளில், இந்த ஊர் வழக்கப்படி தலையில் இலைமுடி வைத்துக்கொண்டு நான் நிற்க, நூற்றிருபது உழுந்துவடையோடு வந்து பேராசிரியர்களுக்கெல்லாம் கொடுத்தவர் அவர்தான்.

தொத்தொரேசா மாமாவுக்கு இரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு கணினியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். பதினாறு வருடமாக இந்தச் சிஞ்ஞோரா, இந்த அம்மா, என் நோயாளர் பட்டியலில் இருக்கிறா, ஒரு தடவைகூட இரத்தம் பார்க்கவில்லையே என்றார்.

“எனக்கென்னத்துக்கு?” என்றார் மாமி. “அது ஆம்பிளையளுக்கு வாற வருத்தமெல்லே. நான் சுத்த சைவம் எண்டு சொல்லு தம்பி.”

சொன்னேன். அவர் மாமிக்கும் எழுதிக் கையில் கொடுத்தார்.

மாமி சைவம் என்பது சும்மா வெள்ளிக்கிழமைச் சைவம் இல்லை. பிறந்ததிலிருந்து மச்சம் வாயில் வைத்ததில்லை. மீன் சட்டியையே மாமா தானாகத்தான் கழுவ வேண்டும். மாமாவோ எதையும் விடமாட்டார். சனிக்கிழமை தவறாமல் வுச்சீரியாச் சந்தைக்குப் போய், மாட்டு மண்ணீரலைப் பொரித்து வைத்த பாணை நின்ற நிலையில் இரண்டு தின்பார்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. கொலஸ்ட்ரோல் மாமாவுக்கு நூற்றி எண்பத்திமூன்று. மாமிக்கு இருநூற்றி எண்பத்தொன்று.

மாமா அந்தத் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். “எட பாத்தியே! மண்ணீரல் திண்டவன் பாஸ், தேவாரம் படிச்சவ பெயில்!”

“தாள் மாறிப்போச்சு. பேரைப் பாருங்கோ வடிவா.”

பெயர் சரியாகத்தான் இருந்தது. தாள்களோடு மறுபடி போனபோது தொத்தொரேசா மாமியின் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். நூற்றி அறுபத்தைந்து. மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சமையலறை இத்தாலியனில் மாமி என்னைவிடக் கெட்டிக்காரி. மாமி வீட்டுவேலைக்குப் போவது மூன்று வீடு. திங்களும் வியாழனும் சிஞ்ஞோரா ஒருத்தி வீட்டில் கச்சோகவாலோச் சீஸ், எண்ணெயில் பொரித்தது. செவ்வாயும் வெள்ளியும் இன்னொரு வீட்டில் ரிக்கொத்தா என்ற மெத்தென்ற சீஸ், ஒரு கோப்பை நிறைய. புதனும் சனியும் மூன்றாவது வீட்டில் பெக்கொரினோ, அதன் மேல் இன்னொரு சீஸைத் துருவி.

நடந்தது இதுதான். இந்த ஊர்ச் சிஞ்ஞோராமாரிடம் ஒருத்தி இறைச்சியும் மீனும் தின்னமாட்டாள் என்று சொன்னால் அவர்களுக்குக் கண் கலங்கிவிடும். பாவம், பட்டினி கிடக்கிறாள் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார்கள். அதற்குள் சீஸ்தான் இருக்கும். மாமியைப் பொறுத்தவரை அது பால். பால் சுத்தம். பிள்ளையாருக்கு வைப்பது. அவர் வைத்தும் இருக்கிறார்: தேங்காய்ப்பூ கிடைக்காத ஒரு சதுர்த்திக்கு, ரிக்கொத்தாவில் சீனி போட்டு உள்ளே வைத்து மோதகம். நானும் நாலு தின்றேன், நன்றாகவே இருந்தது. இப்படிப் பதினாறு வருடம், கிழமைக்கு ஆறு நாள்.

மாமி அன்று கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “செத்தெம்பரிலை மலைக்கு நடந்து போகலாமோ எண்டு கேள் தம்பி.”

பலெர்மோவில் எந்தச் சமயத்துத் தமிழருக்கும் மலை என்றால் அது சாந்தா ரொசாலியாவின் மலைதான். இந்த ஊரின் காவல் தெய்வம் மேலே குகைக்கோவிலில் இருக்கிறா. செப்டெம்பர் நாலாம் தேதி அவவின் திருநாள். 2009இல், வன்னியில் போருக்குள் அகப்பட்ட தன் கூடப்பிறந்த தம்பியின் செய்தி இரண்டு மாதமாக இல்லாமல் இருந்தபோது, மாமி அந்த மலையில் ஏறி ஒரு நேர்த்தி வைத்தார். தம்பி முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று பிறகு தகவல் வந்தது. கால் இருக்கும்வரை வருடா வருடம் நடந்தே ஏறுவேன் என்பது நேர்த்தி. பஸ்ஸில் போனால் அது நேர்த்தி இல்லை.

நான் கேட்டேன். தொத்தொரேசா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேகமாகப் பேசினார். இதை ‘கொஞ்சம் கூட’ என்று சொல்லாதே, ‘நன்றாகக் கூட’ என்று சொல் என்றார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இதய நோயின் ஆபத்து ஏறும், அதை அவர்களும் எண்ணுவதில்லை, வீட்டிலுள்ளவர்களும் எண்ணுவதில்லை. பெண்களுக்குச் சில வேளை நெஞ்சு பெரிதாக நோகாது. மூச்சு வாங்கும், தாடை நோகும், குமட்டும், வாயு என்று இருந்துவிடுவார்கள். இதயப் பரிசோதனை செய்து, இந்த எண்கள் இறங்கி நான் பார்க்கும்வரை மலை கூடாது. இதை அவவுக்கு அப்படியே சொல் என்றார்.

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“கொஞ்சம் கூடத்தானாம் மாமி,” என்றேன். “சீஸைக் கொஞ்சம் குறைக்கட்டாம். ஒரு நெஞ்சுப் பரிசோதனையும் இருக்காம், ஆறுதலாச் செய்யலாம். மலையைப் பிறகு பாப்பமாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பயப்படுத்தினால் இரத்த அழுத்தம் இன்னும் ஏறுமே என்று அந்த ஒரு நொடியில் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை.

மாமியும் நான் சொன்னதை அப்படியே கேட்டார். கொஞ்சம் குறைத்தார். மூன்று துண்டு இரண்டரைத் துண்டானது. பரிசோதனைக்கு நாள் எடுக்கவில்லை.

“மாமி, காணாது. இன்னும் குறையுங்கோ.”

“நான் தின்னாட்டிச் சிஞ்ஞோரா அழுவாவடா. போன கிழமை பாதி வைச்சதுக்கே, என்ரை வீட்டுச் சாப்பாடு கசக்குதோ எண்டு கேட்டவ.”

ஜூலையில் நான் என் ஆயுதத்தை எடுத்தேன். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து பால் உணவும் இதயமும் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பாலுக்கு ஒரு முடிவு, தயிருக்கு ஒன்று, சீஸுக்கு ஒன்று. ஒன்றின் வரைபடத்தில் ஆண்களின் கோடு ஏறியது, பெண்களுடையது படுத்தது. இன்னொன்றில் மறுபக்கம்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊன்றிப் பார்த்தார். “இதிலை நான் எந்தக் கோடு?”

“இது மாமி, பெண்கள் எண்டு போட்டிருக்கிறது.”

“இந்தக் கோடு கீழையெல்லே போகுது. அப்ப தின்னலாம்.”

“அது தயிருக்கு மாமி. அதுவும் அளவாத் தின்னிற ஆக்களுக்கு. நீங்கள் தின்னிறது...”

“அப்ப நான் இதிலை இல்லை.” கண்ணாடியைக் கழற்றினார். “நான் இல்லாத படத்தை எனக்கேன் காட்டுறாய்? சாப்பாடு போடட்டோ?”

ஆகஸ்ட் பிறக்க மாமா என்னைத் தனியாகப் பிடித்தார். மாமி மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது நடுவில் நிற்கிறாள், பெருங்காயம் கரைத்துக் குடிக்கிறாள் என்றார். “நீ உணவு படிச்சவனெல்லே. அவளை நிப்பாட்ட ஒரு சொல் உன்னட்டை இல்லையோ?”

என்னிடம் ஒரு சொல் இருந்தது. இரண்டாம் வருடப் பாடத்திலேயே அது என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த ஊர்ச் சீஸில் பெரும்பாலானவற்றில், பாலைக் கட்டியாக்க விடும் உறை, பால்குடி மறவாத கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. அந்தச் சீஸ் செய்து மிஞ்சும் நீரில்தான் ரிக்கொத்தா. மாமியிடம் அதைச் சொன்னால் அடுத்த நிமிடமே சீஸ் நிற்கும். ஆனால் இங்கே காத்த பதினாறு வருடச் சைவமும் அதோடு போகும். அந்த மோதகமும். ஆகையால் மாமாவிடம் மட்டும் சொல்லி, சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன்.

மாமா ஒன்பது நாள் தாங்கினார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானப் பூசைக்கு மாமா சாமியறைக்குள் காலை வைத்தார். மாமி குறுக்கே நின்றார். “குளிச்சனீங்களோ? நேற்று மண்ணீரல் திண்ட வாயோடை இதுக்குள்ளை வரவேண்டாம்.”

“ஓமோம்! நான் வரக்கூடாது. நீ கண்டுக்குட்டியின்ரை வயித்தைத் திண்டுபோட்டு மணி அடிக்கலாம்!”

மணி மாமியின் கையில்தான் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார். மாமாவைக் கேட்கவில்லை, என்னிடம் திரும்பினார். “தம்பி, என்ன சொல்லுறார் இவர்?”

சொன்னேன். இந்த முறை எதையும் குறைக்கவில்லை. மாமி கேட்டு முடித்தார். குசினிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வாய் கொப்பளித்தார். நாங்கள் இருவரும் மேசையில் தலை குனிந்திருந்தோம். மாமா தன் தலையில் தானே ஒரு குட்டுப் போட்டுக்கொண்டார். மாமி வந்து எதிரே இருந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

“உனக்கு இது எப்ப தெரியும்?”

“ரெண்டாம் வருசம் படிக்கேக்கை.”

“அப்ப மூண்டு வருசத்துக்கு மேலை இந்த மேசையிலை இருந்து, நான் தின்னத் தின்னப் பாத்துக்கொண்டிருந்தனி.”

“சொன்னால் நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு...”

“தாங்குவனோ மாட்டனோ எண்டு என்னையெல்லோ கேக்கவேணும்?” மாமியின் குரல் ஏறியது. “மூண்டு சிஞ்ஞோராவைத் தாங்குறன். இந்த மனுசனை முப்பது வருசமாத் தாங்குறன். செத்த ஒரு கண்டுக்குட்டியைத் தாங்கமாட்டனோ?”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினார்.

“சிரிக்காதேங்கோ. உங்களோடை பிறகு கதைக்கிறன்.” மீண்டும் என் பக்கம் திரும்பினார். “வேறை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?”

ஜூன் மாதத்துத் தாளை எடுத்து வந்தேன். தொத்தொரேசா சொன்னதை வரிசையாகச் சொன்னேன். ‘கொஞ்சம் கூட’ என்று அவர் சொல்லவே இல்லை என்றேன். மூச்சு வாங்கும் என்றார், குமட்டும் என்றார், தாடை நோகும் என்றார்...

“தாடையோ?” மாமியின் கை கன்னத்துக்குப் போனது. “மார்ச்சிலை, மூண்டாம் மாடியிலை, இஞ்சை ஒரு நோவு வந்தது. பல்லாக்கும் எண்டு கராம்பு வைச்சன்.”

மாமாவின் முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து, வா போவம், வா போவம் என்று நின்றார்.

அடுத்த நாள் காலை போனோம். மாமி தொத்தொரேசாவின் முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்த்து விரலைக் காட்டினார். “அவ சொல்லுறதை அப்பிடியே சொல்லு. குறைச்சியோ, உன்ரை முகத்திலை எனக்குத் தெரியும்.”

அந்தக் கிழமையே இதயப் பரிசோதனைக்கு ஏற்பாடானது. ஓடும் பட்டியில் மாமி சேலையைக் கொய்து கட்டிக்கொண்டு, என்னுடைய விளையாட்டுச் சப்பாத்தோடு நடந்தார். நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு, பக்கத்தில் நின்ற தாதியிடம் எங்கே பிறந்தாய், எத்தனை பிள்ளை என்று விசாரித்துக்கொண்டே நடந்தாராம். அடைப்பு இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவில்லை. கொழுப்புக்கு ஒரு குளிசை, அழுத்தத்துக்கு ஒரு குளிசை, சாப்பாட்டில் மாற்றம், மாத முடிவில் மறுபடி இரத்தம். சீஸ் விசமில்லை என்றார் தொத்தொரேசா. கிழமைக்கு ஆறு நாள், அதுவும் உப்போடும் பொரித்த எண்ணெயோடும் தின்றதுதான் பிழை. வீட்டுத் தயிர் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடலாம்.

“சீஸ் எனக்கு இனி எப்பிடியும் வேண்டாம்,” என்றார் மாமி. “கண்டுக்குட்டி எண்டு நான் அவவுக்குச் சொல்லவோ, நீ சொல்லுறியோ?”

மிச்சமிருந்தது சிஞ்ஞோராமார். அதற்கும் மாமி என்னைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமைச் சிஞ்ஞோரா கச்சோகவாலோவைச் சட்டியில் போடப் போகும்போது, கையைப் பிடித்து நிறுத்தி, இருநூற்றி எண்பத்தொன்று என்று இத்தாலியனில் சொன்னார். சிஞ்ஞோரா அடுப்பை அணைத்தார். உள்ளே போய்த் தன் தாளை எடுத்து வந்தார். இருநூற்றி அறுபத்தெட்டு. அன்று இருவரும் கபோவில் இருந்து தெனெரூமி வாங்கி வந்தார்கள். அது இந்த ஊர்ச் சுரைக்கொழுந்து, கோடையில் சந்தை முழுக்கக் குவிந்திருக்கும். கடலையோடு அவித்துச் சாப்பிட்டார்கள். அதிலிருந்து யாருடையது முதலில் இறங்குவது என்று அந்த வீட்டில் பெரிய போட்டி.

ஒரு நாள் பயந்து பயந்து கேட்டேன். “மாமி, அந்த மோதகத்துக்குப் பிள்ளையாரிட்டை என்ன சொன்னியள்?”

“தெரியாமல் வைச்சிட்டன் எண்டு சொன்னன். அவருக்கும் நீ சொல்லேல்லைத்தானே.”

ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. கொலஸ்ட்ரோல் இருநூற்றிப் பத்து. அழுத்தம் நூற்றி முப்பத்தெட்டு. தொத்தொரேசா என்னைப் பார்க்கவில்லை. நேரே மாமியைப் பார்த்து, சின்னச் சின்ன இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மலை ஏறலாம், ஆனால் விடிய வெயிலுக்கு முன் தொடங்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கவேண்டும். தாடையோ கையோ நொந்தால் அதோடு நிற்பாட்டு, தொலைபேசி எடு. ஏறுவதா இறங்குவதா என்று அந்த இடத்தில் உன் உடம்பைக் கேட்டு நீதான் முடிவெடுக்கவேண்டும்.

“காபீத்தோ,” என்றார் மாமி. விளங்கிவிட்டதாம். நான் மூலையில் கதிரையோடு கதிரையாக இருந்தேன்.

நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம் ஏறத் தொடங்கினோம். கல் பதித்த பழைய பாதை, மலையை மடித்து மடித்து ஏறுகிறது. வெறுங்காலோடு இத்தாலியக் கிழவிகள், தோளில் பிள்ளைகளோடு எங்கள் சனம், கையில் மெழுகுதிரி. எங்களைத் தாண்டிப் போகிற தமிழர் எல்லாம், என்ன அம்பிகையக்கா மெதுவா வாறியள் என்று கேட்டார்கள். மாமி ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. “எனக்கு இருநூற்றி எண்பத்தொண்டு. இப்ப இருநூற்றிப் பத்து. நிண்டு நிண்டுதான் ஏறவேணும்.” பாசிமணிக் கடை வைத்திருக்கும் ஒருவர், என்ன கணக்கு இது என்று மாமாவிடம் இரகசியமாகக் கேட்டார்.

பாதிக்கு மேலே ஒரு திருப்பத்தில் மாமி சட்டென்று நின்று மதிலில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். மாமா முழங்காலில் விழுந்துவிட்டார். நான் தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

“மாமி, என்ன செய்யுது?”

கண்ணைத் திறக்காமல் சொன்னார். “மூச்சு வாங்குது. தாடை நோகேல்லை. கை நோகேல்லை. குமட்டேல்லை. அஞ்சு நிமிசம் இருந்திட்டுப் பாப்பன். இவ்வளவுதான் இருக்கு, நீ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

மாமா மணிக்கூட்டைப் பார்த்து நிமிடத்தை எண்ணினார். பின்னால் ஏறி வந்த பிரேமினி எங்களைக் கண்டு நின்றாள். முல்லைத்தீவுக்காரி, நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும், ஒரு தங்கும் விடுதியில் அறை துப்புரவு செய்கிறவள். அவளும் மதிலில் தொப்பென்று இருந்தாள்.

“எனக்கும் இப்ப இப்பிடித்தான் அக்கா, படியேறினா மூச்சு. வாயுவாக்கும்.”

மாமி கண்ணைத் திறந்தார். “எப்ப இரத்தம் பாத்தனி?”

“நானோ? வீட்டிலை அவருக்குத்தான் பாத்தது. அவருக்கு ஒண்டுமில்லை.”

“அவருக்கு ஒண்டுமில்லை. சரி. உனக்கு?”

பிரேமினி சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், தன் நாடியை இன்னொரு தடவை பார்த்தார். “இறங்கிட்டுது. நான் ஏறுறன்,” என்று எழும்பி, பிரேமினியின் கையைப் பிடித்து அவளையும் எழுப்பினார். இருவரும் முன்னால் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பேரும் நின்றார்கள், மாமி அவளுடைய மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார். பின்னால் மாமா என் தோளில் ஒரு கை போட்டுக்கொண்டு, நூற்றி எண்பத்திமூன்றின் பெருமையெல்லாம் போய், நாக்குத் தள்ள வந்தார்.

குகைக்கோவில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது போன வருடத்தைவிட முக்கால் மணி நேரம் கூடியிருந்தது. மாமி மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். “தம்பி, பேனை இருக்கோ? தொத்தொரேசாவின்ரை நம்பரை இவளுக்கு எழுதிக் குடு. திங்கட்கிழமை நானும் போறன் இவளோடை.”

எழுதினேன். மாமி தாளை வாங்கி, ஒவ்வொரு எண்ணாகத் தன் தொலைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிரேமினியின் கையில் கொடுத்தார்.